அதிகப்படி மண்ணெண்ணெய்

மண்ணெண்ணெய்ப் பங்கீட்டு விதிகளில், உடல்நிலை காரணமாகக் கூடுதல் வெளிச்சம் தேவைப்படும் குடும்பத்துக்கு அதிகப்படி எண்ணெய் வழங்கலாம் என்று ஒரு பிரிவு இருந்தது. அதை எழுதியவரையும் என்னையும் தவிர வேறு யாரும் வாசித்ததாகத் தெரியவில்லை.

யுத்த காலம். என் மனைவியின் பார்வை ஓரங்களிலிருந்து இருட்டத் தொடங்கியிருந்தது. பாளையங்கோட்டை டாக்டர் கண்ணில் அழுத்தம் என்றார். இருக்கிற பார்வையைக் கொண்டு சமாளிக்கச் சொன்னார். அவள் நாசரேத்துப் பக்கம் டீச்சராக இருந்தவள். பத்திரிகையைத் தானே வாசிக்க வேண்டும், அது ஒன்றுதான் அவள் பிடிவாதம். நான் வேலை பார்த்த துறைமுக ஆபீசுக்கு வரும் பத்திரிகை எல்லா மேஜையும் சுற்றி என்னோடு வீடு வரும்போது பொழுது சாய்ந்திருக்கும். எங்கள் தெருவை மின்சாரம் எட்டிப்பார்க்கவில்லை. பெரிய விளக்கை ஒட்டி வைத்தால், மரண அறிவித்தலில் தொடங்கி உப்பு விலை வரை முடித்துவிடுவாள். பங்கீட்டு எண்ணெயோ அந்த விளக்குக்குப் பாதி மாதத்துக்கும் காணாது.

விதியைக் குறிப்பிட்டு, டாக்டர் சான்றிதழ் இணைத்து மனுப் போட்டேன். பங்கீட்டு ஆபீசர் நேரில் கூப்பிட்டார்.

"ஏன் சார், அம்மாவுக்குக் கண்ணு தெரியுதா, தெரியலையா?"

"கொஞ்சம் தெரியும்."

"தெரிஞ்சா எல்லாருக்கும் உள்ள அளவு போதும். தெரியலைன்னா வெளக்கு எதுக்கு? கொஞ்சம்னு ஒரு வகை எங்ககிட்ட இல்லையே, சார்."

எங்கள் ஆபீசாக இருந்தால் இந்தத் தர்க்கத்துக்கு அவருக்குப் பதவி உயர்வே கிடைத்திருக்கும்.

வீட்டில் சொன்னபோது அவள் சிரித்தாள். "அந்த ஆபீசருக்குத்தான் பக்கத்துல வெளக்கு வைக்கணும். மேலிடத்துக்கு எழுதுங்க. உங்களுக்கு வேற என்ன தெரியும்?"

எழுதினேன். பிறகு நினைவூட்டல், நினைவூட்டலுக்கு ஒரு நினைவூட்டல். இடையில் ஒரு சாயங்காலம் அவள் பத்திரிகையை விளக்கருகே பிடித்தாள், திருப்பினாள், இன்னும் அருகே பிடித்தாள். பிறகு மடித்து என்னிடம் நீட்டினாள்.

"எழுத்தெல்லாம் ஒண்ணாப் போச்சு. இனி நீங்க வாசிங்க."

வாசித்தேன்.

"என்னங்க, சர்க்குலர் மாதிரி வாசிக்கிய? செத்தவுகளுக்காகவாவது கொஞ்சம் குரல எறக்குங்க."

யுத்தம் முடிந்தது. துறைமுகத்து விளக்குகள் குண்டுவீச்சுக்குப் பயந்து போட்ட மூடாக்கு நீங்கி எரியத் தொடங்கின. அதற்கும் பிறகு வந்தது உத்தரவு: மாதம் ஒரு பாட்டில் அதிகப்படி, 'மேற்படி நபருக்குப் பகுதிப் பார்வை நீடிக்கும் வரை'. அச்செழுத்து தெரியாமல் போனவளுக்கு இது செல்லாது, திருப்பி அனுப்புவதுதான் முறை என்றேன்.

அவள் விளக்கின் பக்கம் முகத்தைத் திருப்பினாள். சரியாகத்தான் திருப்பினாள்.

"வெளக்கு எங்கன இருக்குன்னு தெரியுதுல்லா? அது பகுதி இல்லாம என்ன? பாட்டில எடுத்துக்கிட்டுக் கடைக்குப் போங்க. உங்களுக்கும் கண்ணு மங்கிட்டு. நேத்து வாசிக்கையில ஒரே ஆள ரெண்டு தடவ சாகடிச்சிட்டிய."

உத்தரவு கைக்குக் கிடைத்த நாள்: 1945, கிறிஸ்துமஸுக்கு முந்தின சனிக்கிழமை.