பொரு என்றால் பொய்

எங்கள் வீட்டில் பொய் என்கிற சொல்லை எல்லாவற்றுக்கும் செலவழிக்க மாட்டார்கள். தூறலைக் காட்டி வேலைக்குப் போகாமல் இருந்தால் அது சாக்கு. த்ரீவீல் ஓட்டும் மாமா, பலாங்கொடைப் பாதையில் ஒரு யானை தன் வண்டிக்கு ஒதுங்கி வழிவிட்டது என்றால் அது புளுகு. கேட்டுச் சிரிப்பார்கள், இன்னொரு கோப்பைத் தேநீரும் ஊற்றிக் கொடுப்பார்கள். பொய் வேறு. அந்தச் சொல் அம்மாவின் வாயில் வந்துவிட்டால் அடுத்து அவர் கை காரமான கொச்சிக்காய்த் தூள் போத்தலைத் தேடும். என் நாக்கில் தடவுவதற்கு.

நான் படித்தது ஓப்பநாயக்க டவுனுக்குப் பக்கத்தில் ஒரு சிங்களப் பள்ளிக்கூடத்தில். அங்கே பொய்க்கு ‘பொரு’ என்பார்கள். ஒரு நாளைக்கு நூறு தடவை சொல்வார்கள். யாராவது புதுச் சப்பாத்து போட்டு வந்தால் ‘பொரு’. கணக்கில் முழுப் புள்ளி எடுத்தால் ‘பொரு’. நானும் சொல்வேன். யாரும் கோபித்துக்கொண்டதில்லை.

நான் நாலாம் வகுப்பில் இருந்தபோது மாமாவுக்குக் கல்யாணம் நடந்தது. மாமி தலவாக்கலைப் பக்கம். சுற்றிலும் தமிழாகவே இருந்த தேயிலைத் தோட்டத்தில் வளர்ந்தவர். சிங்களத்தில் ஒரு வார்த்தை தெரியாது. அதனால் அவர் கடைக்குப் போனாலும் கிளினிக்குக்குப் போனாலும் அவருடைய வாயாக நான் கூடப் போனேன். சொல்லுக்குச் சொல் சட்டென்று மாற்றிக் கொடுப்பதுதான் கெட்டிக்காரத்தனம் என்பது என் எண்ணம். அந்தக் கெட்டிக்காரத்தனத்தை யாராவது பார்க்கிறார்களா என்று இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டே பேசுவேன்.

மாமி நன்றாகத் தைப்பார். கொழுந்து பறிக்கப் போவதைவிடத் தையல் வேலைதான் அவருக்கு ஆசை. டவுனில் தையல்கடை வைத்திருந்த சிங்கள அக்காவுக்கு ஆள் தேவை என்று மாமா கேள்விப்பட்டு வந்து சொன்னார். மாமியிடம் மெஷின் இல்லை. கையாலேயே ஒரு சாரி ஜாக்கெட் தைத்து, பத்திரிகைத் தாளில் சுற்றி எடுத்துக்கொண்டு, கல்யாணத்துக்கு எடுத்த சேலைகளில் ஒன்றை உடுத்திக் கிளம்பினார். வழியெல்லாம் என்னிடம், என்ன கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று ஒப்பிக்க வைத்தார்.

கடை அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஜாக்கெட்டை உள்பக்கம் திருப்பினார். தையலை இழுத்துப் பார்த்தார். மெஷினில் இருந்த பெண்ணையும் கூப்பிட்டுக் காட்டினார். பிறகு மாமியைப் பார்த்து, “பொரு” என்றார். நீங்களேதானா இதைத் தைத்தீர்கள் என்றும் கேட்டார்.

மாமி என் முகத்தைப் பார்த்தார். நான் தாமதிக்கவில்லை.

“பொய்ங்கிறாங்க மாமி. நீங்க தச்சதுதானானு கேக்குறாங்க.”

மாமி அந்த அக்காவின் கையிலிருந்து ஜாக்கெட்டை மெதுவாக வாங்கினார். மடித்தார். தாளில் சுற்றிக்கொண்டு வெளியே இறங்கிவிட்டார். அக்கா பின்னாலிருந்து என்னமோ கூப்பிட்டுச் சொன்னார். அதையும் மாற்றிச் சொல்லட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையசைத்தார். தோட்டத்து மேட்டுப் பாதை முழுவதும் எனக்கு முன்னால் நடந்தார்.

அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை. தோட்டத்து லயத்தில் ஒற்றை அறை வீடுகள் ஒட்டி ஒட்டி வரிசையாக இருக்கும்; ஒரு காம்பராவில் பேசுவது அடுத்த காம்பராவுக்குக் கேட்கும். கொஞ்ச நாளைக்கு அம்மா வீட்டில் இருந்துவிட்டு வருகிறேன் என்று மாமாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார். ஏன் என்று மாமா திரும்பத் திரும்பக் கேட்டார்.

“வந்து ரெண்டு வாரம் ஆகல. அதுக்குள்ள பொய்க்காரின்னு பேரு வாங்கிட்டேங்க” என்றார் மாமி.

யாரோடும் சண்டை போட்டறியாத மாமா மறுநாள் காலையில் சண்டைக்குக் கிளம்பினார். சாட்சிக்கு என்னைப் பின் சீட்டில் ஏற்றிக்கொண்டார். கடை வாசலில் அவர் சிங்களத்தில் சத்தம் போட, அந்த அக்கா திறந்த வாய் மூடாமல் கேட்டார். பிறகு உள்ளே போய், மாமி தைப்பதற்கென்று வெட்டி வைத்திருந்த மூன்று பள்ளிச் சீருடைத் துணிகளைக் கொண்டுவந்து காட்டினார். கையால் இவ்வளவு சீராகத் தைக்க முடியுமா என்று நம்ப முடியாமல் அப்படிச் சொன்னதாகவும், எதற்காக அவர் அப்படிக் கிளம்பிப் போனார் என்று யோசித்துத் தனக்குத் தூக்கமே வரவில்லை என்றும் சொன்னார். மாமாவின் சத்தம் பாதியில் நின்றது. அவர் சிரிக்கத் தொடங்கினார். அக்காவையும் துணிகளையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு லயத்துக்கே வந்துவிட்டார்.

எங்கள் காம்பரா வாசலில் எல்லோரும் நின்றோம். நாம “சும்மா சொல்லாதீங்க” என்று சொல்வோமே, அதுதான் இது என்று மாமா விளக்கினார். அக்கா மாமியின் கையைப் பிடித்துக்கொண்டு, தனக்குத் தெரிந்த இரண்டு தமிழ்ச் சொற்களை வைத்து, “தையல் நல்லா, நல்லா” என்றார். மாமிக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. நானும் சந்தோஷமாகத்தான் நின்றேன், அம்மா என் பக்கம் திரும்பும்வரை.

“நீ என்னடி சொன்ன மாமிக்கிட்ட?”

என் நாக்கு அப்போதே எரிந்தது. நான் தரையைப் பார்த்தேன்.

“புள்ள சரியாத்தான் சொன்னா அண்ணி” என்றார் மாமி. “மலையிலேருந்து பஸ்ஸுல எறங்கி வந்ததுலேருந்து எனக்குக் காது அடைச்சே கெடக்கு. நான்தான் தப்பா கேட்டுட்டேன்.”

அம்மா போத்தலை மறந்து, மாமியின் காதுக்கு எண்ணெய் காய்ச்சி ஊற்றலாமா என்று விசாரிக்க ஆரம்பித்தார். வேண்டாம், தானாகச் சரியாகிவிடும் என்றார் மாமி. மறுவாரம் முதல் அவர் தையல்கடைக்குப் போனார். பள்ளிக்கூடம் விட்டதும் நான் அங்கே போய் அவர் மெஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வேன்.

நான் ‘பொய்’ என்றுதான் சொன்னேனா என்பது எனக்கே அன்று சந்தேகமாகிவிட்டது. மாமியே சொல்கிறாரே, சரியாகத்தான் சொல்லியிருப்பேன் என்று நம்பினேன். பாவம், இந்த வயதிலேயே மாமிக்குக் காது இப்படியாகிவிட்டதே என்று வருத்தப்பட்டேன். அதனால் அவரிடம் எதைச் சொன்னாலும் காதருகே குனிந்து, கடைக்கே கேட்கும்படி கத்திச் சொன்னேன். அந்த வருஷம் முடியும்வரை அப்படித்தான் பேசினேன். கடை அக்கா மெதுவாகக் கூப்பிட்டாலும் உடனே திரும்பும் மாமி, நான் கத்தும்போது துணியிலிருந்து கண்ணை எடுக்காமல், ஒவ்வொரு தடவையும் தலையைச் சாய்த்துக் காதைக் கொடுத்தார்.