ஏழாம் நம்பர் காடு, மழை, நாற்பத்தொரு பேர்

2025 ஏப்ரல் 26, சனிக்கிழமை. ஐந்தேகாலுக்கு எழுந்தேன். பின்வாசல் வெப்பமானியில் பதினாறு டிகிரி. பனி தேயிலைத் தொழிற்சாலையின் கூரை வரை இறங்கியிருந்தது. ஆறேகாலுக்குப் பெரட்டு. தோட்ட அலுவலகத்தின் முன்னால் வரிசையாக நிற்கும் ஆள்களின் பெயர்களைப் படித்து, யார் எந்தத் தேயிலைக் காட்டுக்குப் போவது என்று சொல்லி அனுப்புவது கிராணியான என் வேலை. அப்பா இங்கே கங்காணியாக இருந்த காலத்தில் படித்த பெயர்கள் எல்லாமே எங்கள் ஆள்களுடையவை. அன்று நான் படித்ததில் தமிழ்ப் பெயர் ஆறு. மற்றவர்கள் வங்காளதேசத்திலிருந்தும் நேபாளத்திலிருந்தும் வந்தவர்கள்.

அதனால்தான் எங்கள் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் இப்போது மொத்தமே பதினான்கு பிள்ளைகள். அடுத்த முறை முதலாம் ஆண்டுக்கு வரும் வயதில் இருப்பது ஒரே ஒரு பிள்ளை, என் மகள். எங்களுக்குத் தாமதமாகப் பிறந்தவள். பதிவு முடியச் சில நாள்களே இருந்தன. முந்தைய வாரம் தலைமையாசிரியை வீட்டுக்கே வந்து, நாற்காலி விளிம்பில் உட்கார்ந்து, "ஐயா, நீங்களே அனுப்பலேன்னா நான் வேற யார்கிட்ட போய்க் கேக்கறது?" என்றார். தேநீரைக் குடிக்காமலே போய்விட்டார்.

என் மனைவி ஈப்போவில், மலாய்வழித் தேசியப் பள்ளியில் படித்தவள். தமிழ் சரளமாகப் பேசுவாள். படிக்கச் சொன்னால் எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள். மகளைத் தானா ராத்தாவில் உள்ள தேசியப் பள்ளியில் சேர்க்க வேண்டும் என்பது அவள் முடிவு. மூன்று வாரமாகச் சாப்பாட்டு மேசையில் இதே பேச்சு.

"ஒத்தப் புள்ளய வெச்சு ஒரு கிளாசா? அவ யார் கூட வெளயாடுவா, செவுத்து கூடயா? மலாய்க்காரப் புள்ளைங்க, சீனப் புள்ளைங்க கூட சின்னதுலயே பழகட்டும்லா."

"நானும் இங்கதானே படிச்சேன். கெட்டா போயிட்டேன்?"

"கெடல. ஆனா ஒரு வருசம் போச்சுல்ல?"

அவள் சொன்னது புகுமுக வகுப்பை. தமிழ்ப்பள்ளியிலும் சீனப்பள்ளியிலும் படித்து, மலாய் போதாதவர்கள் இடைநிலைப் பள்ளியின் படிவம் ஒன்றுக்கு முன்னால் ஓர் ஆண்டு அந்த வகுப்பில் உட்கார வேண்டும். நான் உட்கார்ந்தேன். என் வாழ்க்கையிலேயே நல்ல வருசம் அதுதான் என்று எல்லாரிடமும் சொல்லி வந்திருக்கிறேன்.

தோட்டத்து ஆள்களின் வாட்ஸ்அப் குழுவிலும் அந்த மாதம் இதே சண்டை. தாய்மொழிப் பள்ளிகள் இருக்கும்வரை இந்த நாட்டில் யாரும் ஒன்றுசேரப் போவதில்லை என்று ஒருவர். பள்ளி போனால் மொழியும் போகும், அப்புறம் நாம் யார் என்று இன்னொருவர். இருவரும் எங்கள் லைன் வீடுகளில் பிறந்து வளர்ந்தவர்கள். இப்போது ஒருவர் கோலாலம்பூரில், மற்றவர் ஜொகூரில். இருவருக்கும் பதிய வேண்டிய வயதில் பிள்ளை இல்லை.

சனிக்கிழமை மதியம் வேலை முடிந்ததும் கியா பார்மில் காய்கறி வாங்குவது என் வழக்கம். சுற்றுலாக் கார்கள் பிரிஞ்சாங்கிலிருந்தே நகராமல் நிற்கும். மோட்டார் சைக்கிளில் ஓரமாகப் புகுந்து போய்விடுவேன். அங்கே கடை வைத்திருப்பவன் புகுமுக வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்த சீன நண்பன். எங்களுக்குள் அன்றும் இன்றும் மலாய்தான். என்னைப் பார்த்ததும், "ஏழாம் நம்பர் காடு! இன்றைக்கு மழையா?" என்று கத்தினான். முப்பது வருடங்களுக்கு மேலாகக் கத்துகிறான்.

அதற்கு ஒரு காரணம் உண்டு. அந்த வகுப்பில் சீனப் பிள்ளைகளும் தமிழ்ப் பிள்ளைகளும் மட்டுமே இருந்தோம். மலாய்க்காரர் என்றால் ஆசிரியை ஒருவர்தான். கிளந்தானிலிருந்து வந்தவர். எங்கள் குளிர் தாங்காமல் இரண்டு சுவெட்டர் போட்டிருப்பார். தினமும் மலாயில் ஐந்து வரி நாட்குறிப்பு எழுதி வரச் சொன்னார். நாட்குறிப்பு என்ற ஒன்றை நான் பார்த்ததே இல்லை. எங்கள் வீட்டில் தினமும் தேதி போட்டு எழுதப்பட்டது அப்பாவின் பெரட்டுப் புத்தகம் மட்டும்தான். அதன்படியே எழுதிக்கொண்டு போனேன்: மழை. ஏழாம் நம்பர் காடு. நாற்பத்தொரு பேர். நண்பன் தன் அப்பாவின் லோரியில் எத்தனை கூடை முட்டைக்கோஸ் ஏறியது என்று எழுதியிருந்தான். ஆசிரியை இரண்டையும் உரக்கப் படித்தார். வகுப்பு சிரித்தது. என் நோட்டில் சிவப்பு மையில், "இதில் நீ எங்கே இருக்கிறாய்?" என்று எழுதிக் கொடுத்தார்.

நண்பனிடம் மகள் விஷயத்தைச் சொன்னேன். அவனுடைய கடைசிப் பெண் ஸ்ட்ராபெரிப் பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தாள். அவளைச் சீனப்பள்ளியில் சேர்க்கிறானாம். "நம்மைச் சேர்த்து வைத்தது எந்தப் பள்ளி? மலாய் தெரியாததுதான் சேர்த்து வைத்தது," என்று சிரித்தான். பிறகு, "அந்த நோட்டு இன்னும் இருக்கிறதா?" என்று கேட்டான்.

வீட்டுக்கு வந்து தேடினேன். என் நாட்குறிப்புகள் முப்பத்து மூன்று. ஆண்டு எழுதிய முதுகுகளோடு அலமாரியில் வரிசையாக இருக்கும். ஒன்றாம் எண், நான் படிவம் ஒன்றில் படித்தபோது தமிழில் தொடங்கியது. அதற்குப் பின்னால், எண் போடாமல், அந்தப் பள்ளி நோட்டு கிடந்தது. வீட்டுப்பாடம் என்பதால் அதை நான் கணக்கில் சேர்த்ததே இல்லை. இந்தப் பழக்கமே அந்தச் சிவப்பு மையில்தான் பிறந்தது என்பது அப்போதுதான் உறைத்தது.

மலாயில் இருந்ததால் மனைவி அதை வாங்கிக்கொண்டாள். சமையலறை வாசலில் நின்றபடி மகளுக்குத் தமிழில் சொல்லிச் சொல்லிப் படித்தாள். முதலில் இருவரும் சிரித்தார்கள். பிறகு அவள் குரல் தணிந்தது.

"மழை. ஏழாம் நம்பர் காடு. நாற்பத்தொரு பேர். நான் வகுப்பில் இருக்கிறேன். யாரிடமும் பேசவில்லை."

அடுத்த நாளும் அதுவே. அப்படிப் பதினோரு நாள். பன்னிரண்டாம் நாள்: பக்கத்துப் பையன் ஒரு தக்காளி கொடுத்தான். நன்றி சொன்னேன்.

"நல்ல வருசம்னு சொன்னீங்க."

"எனக்கு அப்படித்தான் ஞாபகம்."

மகள், "அப்பா, தக்காளிய அப்படியே சாப்ட்டீங்களா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

அந்தப் பதினோரு நாளை என்னால் தாண்ட முடியவில்லை. "நீ சொன்ன ஸ்கூல்லயே சேத்துரலாம்," என்றேன்.

அவள் அலமாரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "மத்ததுல என்ன எழுதிருக்கீங்க?"

"எல்லாந்தான்."

"என்னப் பத்தி?"

"நீ இந்த வீட்டுக்கு வந்த நாள்லேருந்து இருக்கு."

எங்கள் கல்யாண ஆண்டை உருவி, விரல் வைத்து ஒரு வரியைக் கூட்டிப் படித்தாள். ஒரு வரிக்கே வெகுநேரம் ஆனது. மூடி வைத்தாள். "பதினோரு வருசமா தூசி தட்டுறேன். ஒரு பக்கம் படிச்சதில்ல."

சோறு வெந்ததும் அடுப்பை அணைத்துவிட்டு வந்து சொன்னாள்: "இங்கயே படிக்கட்டும். இதெல்லாம் படிச்சு எனக்குச் சொல்லட்டும். ஆனா சனிக்கெழம தவறாம உங்க கூட்டாளி தவுக்கே கடைக்குக் கூட்டிட்டுப் போகணும். அந்தப் பொண்ணு கூட வெளயாடட்டும். பதிமூணு வயசு வரைக்கும் தக்காளிக்குக் காத்திருக்க வேணாம்."

"தலைமையாசிரியைக்கு இப்பவே போன் பண்ணட்டா?"

"பதிஞ்சுட்டுப் பண்ணுங்கலா. பாவம், அந்தம்மா அன்னிக்கு டீகூடக் குடிக்கல."

மறுநாள் ஞாயிறு, பெரட்டு இல்லை. ஆனாலும் ஐந்தேகாலுக்கு எழுந்தோம். கைப்பேசிக்குப் பின்வாசலில்தான் சிக்னல் கிடைக்கும். பதினைந்து டிகிரி. மனைவி சால்வையைப் போர்த்திக்கொண்டு படியில் உட்கார்ந்து பதிவுப் படிவத்தைத் திறந்தாள். நான் பிறப்புச் சான்றிதழைப் பிடித்துக்கொண்டு எண்ணை ஒவ்வோர் இலக்கமாக வாசித்தேன். அவள் தட்டினாள். பள்ளிகளின் பட்டியல் வந்தது. எங்கள் தோட்டத்துப் பள்ளியை அவளே தேடி எடுத்து அழுத்தினாள்.