எல்லா அறைக்கும் மருந்து

மூட்டைப்பூச்சிக்கு மருந்தடிக்கும், எலிக்கு மருந்து வைக்கும் அவரை அந்த வட்டாரத்தில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மருந்துக்காரர், அவ்வளவுதான். லாட்ஜுகள், மாணவர் விடுதிகள், சினிமாக் கொட்டகை நாற்காலிகள் என்று பத்தொன்பது வருடத்தில் அவர் கை படாத மெத்தை குறைவு. வேலைக்குக் கிளம்பும்போது அவரைப் பார்க்க வேண்டும். முழங்கை வரை கையுறை, மூக்கை மூடிய முகமூடி, கண்ணாடி, முழங்கால் வரை பூட்ஸ். சந்திரனுக்குப் போகிறவர்கூட இவ்வளவு மூடிக்கொள்ள மாட்டார். "நம்ம உடம்பை நாமதான் பாத்துக்கணும்" என்று லாட்ஜ் மேனேஜர்களுக்கு இலவச உபதேசம் வேறு.

தொலைபேசியை எடுப்பது அவர் மனைவி. யார் கூப்பிட்டாலும் நாலு கேள்வி கேட்பாள். முதல்ல எப்ப பாத்தீங்க? எங்கிருந்து வந்திருக்கும்? இதுவரைக்கும் என்ன மருந்து போட்டீங்க? பக்கத்து ரூம்ல சொல்லிட்டீங்களா? முதல் மூன்றுக்கும் மளமளவென்று பதில் வரும். நாலாவதுக்குத்தான் எல்லோரும் இழுப்பார்கள். மானம் போய்விடுமாம்.

"எங்க ரூமை மட்டும் பண்ணிக் குடுங்கம்மா. அவங்களுக்கு எதுக்குத் தெரியணும்?"

"ஒரு ரூமை மட்டும் பண்ணா பிரயோஜனம் இல்லைங்க. பக்கத்துல போய் உக்காந்துட்டு உங்ககிட்டயேதான் திரும்பி வரும்."

குரலை உயர்த்தாமல் இதை அவள் ஆயிரம் தடவையாவது சொல்லியிருப்பாள். மருந்துக்காரரும் பக்கத்தில் உட்கார்ந்து ஆயிரம் தடவை தலையாட்டியிருப்பார்.

மருந்தடித்த அறையை நாலு மணி நேரம் பூட்டி வைக்க வேண்டும். அந்த நாலு மணி நேரம்தான் வினையாக வந்தது. பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் லாட்ஜில், பூட்டின அறைகள் திறக்கும்வரை அவர் ஒன்பதாம் எண் அறைக்குப் போக ஆரம்பித்தார். அங்கே ஒரு பெண் இருந்தாள். தொழில் செய்கிறவள். முதல் நாளே ஆணுறையை எடுத்து மேஜைமேல் வைத்தாள். இவர் சிரித்தார்.

"என்னைப் பாத்தா நோய்க்காரன் மாதிரியா இருக்கு?"

"பாத்துத் தெரியற விஷயமா இது? உங்களுக்கும் சேத்துத்தான் சொல்றேன்."

அது எதற்கு, வேண்டாம் என்று அடம் பிடித்தார். வாடிக்கையை விட முடியாமல் அவள் சும்மா இருந்துவிட்டாள். கையுறையும் முகமூடியும் பூட்ஸும் கதவுக்குப் பக்கத்தில் ஒழுங்காக அடுக்கியிருந்தன. எனக்குக் கோபம் வருவது இந்த இடத்தில்தான். பூச்சி மருந்து ஒரு சொட்டு மேலே பட்டால் கால் மணி நேரம் சோப்புப் போட்டுக் கழுவுகிற மனிதர் இவர்.

மூன்றாவது தடவை போய்வந்து நாலு நாளில் சிறுநீர் கழிக்கும்போது எரிந்தது. உள்ளாடையில் மஞ்சளாகக் கறை. யாருக்கும் தெரியாமல் பெரிய ஆஸ்பத்திரியின் பால்வினை நோய்ப் பிரிவுக்குப் போனார். சோதனை செய்து ஊசி போட்டார்கள். ஆலோசனை சொல்லும் அம்மாள் எதிரில் உட்கார வைத்துப் பேசினாள்.

"இது கொனோரியாண்ணா. வெட்டைன்னு சொல்லுவாங்கல்ல, அது. ஊசியில போயிடும். எச்.ஐ.வி. இப்போதைக்கு இல்லைன்னு வந்திருக்கு, ஆனா மூணு மாசம் கழிச்சு இன்னொரு தடவை ரத்தம் குடுக்கணும். உங்களோட இருந்தவங்க எல்லாரும் மருந்து எடுத்துக்கணும். முதல்ல வீட்டுக்காரம்மாவைக் கூட்டிட்டு வாங்க."

"அவளுக்கு ஒண்ணும் இல்லைங்க. நல்லாத்தான் இருக்கா."

"பொம்பளைங்களுக்கு வெளியில தெரியாதுண்ணா. உள்ளுக்குள்ள போய்க் கருப்பையைக் கெடுத்துடும்."

எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு வந்தார். எரிச்சல் இரண்டே நாளில் நின்றது. அப்பாடா என்று மூச்சு விட்டார். வீட்டில் மூச்சுவிடவில்லை.

ஒரு மாதம் ஆனது. மனைவி அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார ஆரம்பித்தாள். "மருந்து டப்பாவைத் தூக்கினதுல சுளுக்கியிருக்கும்" என்று அவளே காரணமும் சொல்லிக்கொண்டாள். வலி மாத்திரை போட்டுக்கொண்டு தொலைபேசி எடுத்தாள். அந்த வாரமே அவருக்கு எரிச்சல் திரும்பி வந்தது. ஒன்பதாம் அறைப் பக்கம் அவர் போகவே இல்லை. எங்கிருந்து திரும்பி வந்தது என்பது இந்த உலகத்தில் வேறு யாருக்குப் புரியாவிட்டாலும் மருந்துக்காரருக்குப் புரிந்தது.

ஆஸ்பத்திரியில் இரண்டாவது ஊசி. "அவளுக்கும் சேத்து மாத்திரை குடுங்க, நான் எப்படியாவது குடுத்துடறேன்" என்று அதே அம்மாளிடம் கெஞ்சினார்.

"வயித்து வலின்னு வேற சொல்றீங்க. பாக்காம எப்படிண்ணா குடுக்கறது? ஒத்துக்காத மருந்தா இருந்தா? எப்படியாவதுன்னா என்ன அர்த்தம்? அவங்ககிட்ட சொல்லுங்க."

சொல்வதா? இருபத்திரண்டு வருடம் கூட வாழ்ந்தவளிடம் எந்த வாயால் சொல்வது? ஒவ்வொரு நாளும் காலையில் சொல்லிவிடலாம் என்று எழுந்தார், வேலைக்குக் கிளம்பும்போது சாயங்காலம் சொல்லலாம் என்று போனார். அவளோ இப்போது நிமிர்ந்து நடப்பதில்லை. கடைசியில் அவருக்குத் தெரிந்த ஒரே வழியைப் பிடித்தார். சாப்பிட மறுக்கிற பிராணிக்கு மருந்து வைக்கும் வழி. இரண்டு தெரு தள்ளி ஒரு மருந்துக் கடையில் எதையோ சொல்லி மாத்திரை வாங்கினார். பால்கனியில், பூச்சி மருந்து அலமாரிக்குப் பக்கத்தில் நின்று பொடி செய்து, பாலில் கலந்து, சர்க்கரையை அள்ளிப் போட்டார்.

"இந்தா, சூடா குடி. வலிக்கு இதமா இருக்கும்."

அவள் டம்ளரை வாங்கினாள். குடிக்கவில்லை. லேசாகச் சாய்த்துப் பார்த்தாள். விளிம்பில் வெள்ளைப் பொடி ஒட்டியிருந்தது.

"என்ன கலந்தீங்க?"

"சர்க்கரை."

"அலமாரிகிட்ட நின்னு கலக்கினதைப் பாத்தேன்." டம்ளரை மெதுவாக மேஜைமேல் வைத்தாள். "எலிக்கு வைக்கிற மாதிரி எனக்கு வைக்கிறீங்களா?"

மருந்துக்காரருக்கு உயிரே போய்விட்டது. அவள் கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பார். அவள் பயந்து சுவரோடு ஒட்டி நின்றாள். அவரைப் பார்த்து.

"ஐயோ, விஷம் இல்லம்மா. சத்தியமா. நானே குடிச்சுக் காட்டறேன்" என்று டம்ளரை எடுத்தார்.

"குடிக்க வேணாம். என்னன்னு சொல்லுங்க."

சொன்னார். லாட்ஜ், ஒன்பதாம் அறை, ஊசி, திரும்பி வந்தது எல்லாம் சொன்னார். பாதியில் அழுதார், அழுகைக்கு நடுவில் இன்னும் கொஞ்சம் சொன்னார். அவர் முடித்ததும் அவள் டம்ளரை எடுத்துப் பாலைத் தொட்டியில் கொட்டி, விஷம் பட்ட பாத்திரத்தைக் கழுவுவதுபோல் மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவினாள். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு தொலைபேசிக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். வாடிக்கையாளரிடம் பேசும் குரல் வந்தது.

"முதல்ல எப்ப பாத்தீங்க?"

"ரெண்டு மாசம் இருக்கும்."

"எனக்கு வலி வந்து மூணு வாரம்." விரலால் மேஜையில் எதையோ கணக்குப் போட்டாள். "ஆக, நான் சுளுக்குன்னு சொன்னப்பவே உங்களுக்குத் தெரியும்."

அவள் எழுந்து புடவையை மாற்றிக்கொண்டு வந்தாள். எந்த ஆஸ்பத்திரி, எத்தனையாவது அறை என்று கேட்டாள். நான் உங்களை மன்னிக்கிறேன் என்றோ, மன்னிக்க மாட்டேன் என்றோ சொல்லவில்லை. வாசலில் ஒரு செருப்பை மாட்டி, மற்றதை மாட்டக் குனிய முடியாமல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவர் குனியப் போனார். வேண்டாம் என்று கையைக் காட்டினாள்.

"அந்த ஒன்பதாம் நம்பர் ரூம்ல சொல்லிட்டீங்களா?"

இந்த இரண்டு மாதத்தில் ஒரு தடவைகூட அது அவர் மனதில் வரவில்லை.

"அவளுக்கும் வயிறு இருக்குல்ல?" என்றாள். "அவ பேர் என்ன?"

மருந்துக்காரருக்குத் தெரியவில்லை. அவர் கேட்டதே இல்லை.