குறையை முதலில் சொன்ன எங்கள் அப்பா

அப்பா எங்களை விட்டுப் போய் ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களே, உங்களில் பாதிப்பேருக்காவது அந்த நாய்க் கண்காட்சிச் சமாசாரம் தெரியும். தெரிந்தும் என் முகத்துக்கு நேரே அதைப் பேசாமல் இருந்தீர்கள். ஆனால் அப்பாவைப் பற்றி எழுத உட்கார்ந்தால், அதைத் தாண்டிப் போக எனக்கு வழி தெரியவில்லை. கூச்சத்தோடுதான் எழுதுகிறேன்.

அப்பா அருமனையில் பிறந்தார். சிறு வயதிலேயே தகப்பனாரை இழந்து, சித்தப்பா வீட்டுச் சோற்றில் வளர்ந்தார். படிப்பு முடிந்ததும் பேச்சிப்பாறைக்கு மேலே ஒரு ரப்பர் தோட்டத்தில் எழுத்தராகச் சேர்ந்தார். யாரிடமும் கைநீட்டாமல் தங்கைமாரைக் கட்டிக்கொடுத்தார். நாடு விடுதலையடைந்த ஆண்டில் தோட்டத்துத் துரை சீமைக்குக் கிளம்பியபோது, மற்றவர்கள் நாற்காலியும் பீங்கானும் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். அப்பா கேட்டது ஒரு பெட்டை நாயை. தொங்கும் காதும் மினுமினுக்கும் கறுப்பு ரோமமுமாக, காக்கர் ஸ்பேனியல் என்ற சாதி. அதன் பாட்டன் பூட்டன் பெயரெல்லாம் எழுதிய வம்சாவளிப் பத்திரமும் கூடவே வந்தது.

“நமக்கே பாட்டாவுக்க அப்பன் பேரு தெரியாது. நாய்க்கு எழுதி வச்சிருக்கத பாருங்க!” என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டார்.

அப்பா அதையெல்லாம் காதில் போட்டுக்கொள்ளவில்லை. தமக்கு இரண்டே சட்டை வைத்திருந்தவர், நாய்க்கு மூன்று சீப்பு வைத்திருந்தார். வேறொரு தோட்டத்து மானேஜரின் கடுவன் நாயோடு அதைச் சேர்த்தார். பிறந்த குட்டிகளில் ஒன்றைத் தமக்கென்று நிறுத்திக்கொண்டார். அவன்தான் கறுப்பன். தலை, காது, நடை எல்லாம் அந்தச் சாதிக்குச் சொன்னபடியே அமைந்திருந்தன. முன்னங்கால் ஒன்றில் மட்டும் விரல்கள் வெள்ளை. முழுக் கறுப்பு நாய்க்கு நெஞ்சைத் தவிர வேறெங்கும் வெள்ளை இருக்கக்கூடாது என்பது கண்காட்சிக்காரர்களின் கட்டுப்பாடு. அது அப்பாவுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும், திருவனந்தபுரத்தில் நடந்த கண்காட்சிக்குக் கறுப்பனின் பெயரைக் கொடுத்தார். அதிகாரிகளும் தோட்ட முதலாளிகளும் நாய் பிடித்து நிற்கிற இடத்தில், ஓர் எழுத்தர் கோப்பை வாங்க வேண்டும் என்ற ஆசை அவரை அப்படிப் பிடித்துக்கொண்டது.

கிளம்பும் நாள் காலையில் அம்மாவின் மைச்சிமிழ் காலியாகக் கிடந்தது. நான்தான் கண்ணுக்கு அப்பிக்கொண்டேன் என்று எனக்கு வசவு விழுந்தது.

கண்காட்சியில் அப்பா, இருந்த ஒரே கோட்டைப் போட்டுக்கொண்டு, கறுப்பனைப் பிடித்து வட்டத்துக்குள் நின்றார். நானும் அம்மாவும் கயிற்றுக்கு வெளியே நின்றோம். வெள்ளைக் கால்சட்டை போட்ட நடுவர் பல்லைத் திறந்து பார்த்தார். முதுகைத் தடவினார். நடக்கவிட்டுப் பார்த்துத் தலையசைத்தார். அப்பாவின் முகத்தில் அவ்வளவு சந்தோஷத்தை நான் அதற்குமுன் கண்டதில்லை. கறுப்பனை வீட்டில் ஒருவரும் ஓங்கிப் பேசியது கிடையாது. யாரைக் கண்டாலும் அவனுக்குப் பிரியம். தன்னைத் தடவிக்கொடுத்த மனிதரின் தொடைமேல் இரண்டு முன்னங்கால்களையும் தூக்கிப் போட்டுவிட்டான். வெள்ளைத் துணியில் கறுப்பாக ஒரு பாதம் பதிந்தது.

நடுவர் குனிந்து அதைப் பார்த்தார். கைக்குட்டையைத் தண்ணீரில் நனைத்து, கறுப்பனின் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தார். வெள்ளை வெளியே வந்தது. அவர் சத்தம் போடவில்லை. “கொண்டு போகலாம்” என்றார், அவ்வளவுதான். யாரோ ஓர் அம்மாள் சிரித்தார். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். திரும்பி வரும் பஸ்ஸில் நாங்கள் மூவரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை.

நாங்கள் அருமனை வந்து சேருமுன் சேதி வந்து சேர்ந்திருந்தது. சந்தையில் அப்பாவின் தலையைக் கண்டால், “ஏலே, மைக்காரரு வாராரு” என்பார்கள். என் தம்பி பள்ளிக்கூடத்தில் இதற்காக அடிதடி செய்துவிட்டு வந்தான். அப்பா அவனைக் கண்டிக்கவுமில்லை, தேற்றவுமில்லை.

அதன்பிறகு அவர் எந்த நாயையும் கண்காட்சிக்குக் கொண்டுபோகவில்லை. ஆனால் வளர்ப்பை விடவில்லை. குட்டி கேட்டு வருகிறவர்களிடம் குறையைத்தான் முதலில் சொல்வார். “இதுக்க காது மேல ஏறி இருக்கும். இதுக்க தாய்க்குக் காதுல சீழு வந்ததுண்டு. யோசிச்சு எடும்.” யோசித்துவிட்டுப் பாதிப்பேர் போய்விடுவார்கள். அதோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை.

கொட்டாரத்தில் கடை வைத்திருந்த குடும்பத்திலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். சிறு வயதுக் காய்ச்சலில் எனக்கு இடது காது கேட்காமல் போயிருந்தது. அது தெரியாதபடி, என் வலது பக்கம் அவர்கள் உட்காருமாறு அம்மா பாயைப் போட்டிருந்தார். மாப்பிள்ளையின் தகப்பனார் பேச்சுக்குத்தான் கேட்டார், “பிள்ளை எப்படி?” என்று.

அப்பா எழுந்து நின்றார். “எனக்க மவளுக்கு எடது காது கேக்காது. கோவமும் கொஞ்சம் கூடுதலு. சமையலு பழகிட்டு வாரா. இத சொல்லாம கட்டிக்குடுக்கப்பிடாது, பாத்துக்கிடுங்க.”

காப்பித் தட்டோடு நான் அப்படியே நின்றேன். வந்த அம்மாள் காப்பியைத் தொடவில்லை. “வீட்டுல கலந்து சொல்லியனுப்புதோம்” என்று எழுந்தார்கள். சொல்லியனுப்பவில்லை. அம்மா அப்பாவோடு பேச்சை நிறுத்தினார். நான் நாய்ப்பட்டிக்கே போய், ரோமம் கோதிக்கொண்டிருந்தவரிடம், “நான் என்ன நாய்க்குட்டியாப்பா?” என்று கத்தினேன்.

அப்பா சீப்பைக் கீழே வைத்தார்.

“மக்கா, அண்ணைக்கி அந்த வட்டத்துல நின்னது நானு. செஞ்சவன் நான்தானே, எனக்கு வேணும். நாளைக்கு ஒருத்தன் கட்டிட்டுப் போயி, எல்லாரு முன்னாலயும் தொடச்சுப் பாத்தாம்னா, அங்க நிக்கப்போறது நீ. உன்ன அப்பிடி நிறுத்த எனக்கு வய்யா.”

எனக்குக் கோபம் தீரவில்லை. மறுவருடம் வந்தவர்களிடமும் அப்பா ஒன்றுவிடாமல் அதையே சொன்னார். “கோவம் எங்க வீட்டுலயும் உண்டும் ஓய், செலவாயிரும்” என்று சிரித்தார் என் மாமனார்.

கடைசி நாட்களில் நெஞ்சுவலியோடு கட்டிலில் கிடந்தபோது பார்க்க வந்தவர்கள், “கள்ளம் கபடம் இல்லாத மனுசன்” என்றால், அப்பா கையை உயர்த்தித் தடுப்பார். “அந்தக் கதையையும் சேத்துச் சொல்லும் ஓய்” என்பார். அதனால்தான் நானும் சேர்த்து எழுதினேன்.

அப்பாவைக் கடைசிவரை பார்த்த வைத்தியருக்கும், அடக்கத்தன்று மழையில் நின்ற தோட்டத்துத் தொழிலாளர்களுக்கும், நாய்களை ஏற்றுக்கொண்ட நண்பர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி உரியது. ஒரே படத்தை இரண்டு தடவை செய்து தந்த ஸ்டூடியோக்காரருக்குத் தனியாக ஒரு நன்றி சொல்ல வேண்டும். சண்டையிட்ட நாய்களை விலக்கப் போய் அப்பாவின் கன்னத்தில் விழுந்த தழும்பு, மலரில் போடும் படத்தில் அசிங்கமாகத் தெரியும் என்று நானும் தம்பியும் நினைத்தோம். மறைத்துத் தரும்படி அவரிடம் கேட்டோம். அவரும் டச்சிங் செய்து, சுத்தமான கன்னத்தோடு கொண்டுவந்தார். எங்களுக்கு மிகவும் பிடித்திருந்தது. அம்மாவிடம் காட்டினோம்.

அம்மா படத்தை வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் வெகுநேரம் பார்த்தார்.

“இது ஆரு மக்கா?” என்று கேட்டார். நாங்கள் இருவரும் தலையைக் குனிந்துகொண்டோம்.