மாடி வீடும் கீழே இருந்த படகுகளும்

மலாயாவுக்கு வந்து மூன்று வருஷம் ஆறு குமாஸ்தாக்களோடு ஒரே அறையில் படுத்துக் கிடந்தவனுக்குப் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு மாடி வீடு கிடைத்தால் என்ன செய்வான்? ஜன்னலைத் திறப்பான். மூடுவான். மறுபடி திறப்பான். குடிவந்த அன்று நான் வேறு வேலை எதுவும் பார்க்கவில்லை. ஒரு ஜன்னலில் ரயில் தண்டவாளம், இன்னொன்றில் பக்கத்து வீட்டுக் கூரை. இரண்டும் எனக்குக் கண்கொள்ளாக் காட்சி. மின்சார விளக்கு வேறு. பட்டப்பகலில் அதைப் போட்டுப் பார்த்துவிட்டு, யாராவது கவனித்தார்களா என்று திரும்பிப் பார்த்தேன். யாருமில்லை. அதுவே புது அனுபவம்.

மாயவரத்தில் பிறந்த வீட்டில் இருந்த என் மனைவி ஏற்கனவே தெளிவாக எழுதியிருந்தாள்: "வந்து பார்க்கிறேன். வீடு மனசுக்குப் பிடித்தால் பெட்டியைப் பிரிப்பேன். இல்லாவிட்டால் கட்டின கயிற்றோடு அடுத்த கப்பலில் திரும்பிவிடுவேன்." விளையாட்டுக்கு எழுதுகிறவள் அல்ல. ஆகவே எட்டுப் பக்கத்தில் வீட்டை வர்ணித்தேன். வீட்டுக்காரரான சீன முதலாளி, இந்த ஊர்ப் பேச்சில் தவுக்கே, கீழே கடை வைத்துப் படகு செய்கிறார், புது மரத்தின் வாசனை மாடிவரை வருகிறது என்றும் சேர்த்துக்கொண்டேன்.

முழு மரத்தைச் செதுக்கினது போல, இரண்டு பக்கமும் வளைந்து, ஒரு முனை அகன்று நின்றன அவை. பழந்தமிழர் கடல் கடந்த கதையை அவ்வளவு படித்தவனுக்குப் படகு தெரியாதா? கிட்டத்தில் தண்ணீர் எங்கே என்று மட்டும் தோன்றவில்லை. அதிகம் படித்தால் அப்படித்தான்.

ஞாயிற்றுக்கிழமை ஆபீஸ் சிநேகிதர் வீடு பார்க்க வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். ஜன்னல்களை மெச்சிவிட்டுக் கேட்டார்: "ஐசே, கீழ இருக்கிறது என்னெண்டு தெரிஞ்சுதான் வீட்டை எடுத்தனீரோ?"

"படகு."

"ஓம். ஒருக்கா ஏறினால் திரும்பி வராத படகு. உது சவப்பெட்டி, ஐசே."

மூங்கில் பாடையில் போகிற ஜாதி நாங்கள். சீனர்களின் பெட்டியை நான் எங்கே கண்டேன்? அதற்குள் மனைவி நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறியிருந்தாள்.

அவள் வரும் அன்று ஒரு நாள் மட்டும் பெட்டிகளைச் சாக்குப் போட்டு மூடும்படி தவுக்கேயைக் கேட்டுக்கொண்டேன். பாதி மலாய், பாதி கைஜாடை. "போலே, போலே" என்று தலையாட்டினார். ஆகட்டும் என்று அர்த்தம்.

போர்ட் சுவெட்டன்ஹாமிலிருந்து ரயிலில் அழைத்து வந்தேன். ஒரே ஒரு டிரங்குப் பெட்டி, மூன்று சுற்றுக் கயிறு. கடை வாசலில் நின்றாள்.

"படகுக்கு ஏன் சாக்குப் போட்டிருக்கு?"

"மழை."

"வீட்டுக்குள்ளேயா?"

"இந்த ஊர் மழை உனக்குத் தெரியாது."

மாடிக்குப் போனதும் ஜன்னலைத் திறந்து மூடிக் காட்டினேன். விளக்கைப் போட்டு அணைத்தேன். "போதுங்க, கீல் கழண்டுடும்" என்றாள். முகத்தில் மட்டும் ஒரு வெளிச்சம். எனக்குத் தரையில் கால் பாவவில்லை.

புதுவீடாயிற்றே, செங்கல் மேல் அடுப்பை வைத்துப் பால் காய்ச்சினோம். கிழக்கே பார்த்து, சாஸ்திரப்படி பொங்கி வழிந்தது. சாஸ்திரம் எழுதினவர்கள் பலகைத் தரையைப் பார்த்ததில்லை. பால் ஓடி, பலகை இடுக்கில் இறங்கிவிட்டது. கீழே ஒரு கூச்சல். மனைவி குனிந்து இடுக்கு வழியாகப் பார்த்தாள். தவுக்கே சாக்கை இழுத்துப் போட்டுவிட்டு மர மூடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"இது படகு இல்லை" என்றாள்.

"இல்லை."

"பின்னே?"

சொன்னேன். அவள் எழுந்துபோய் டிரங்குப் பெட்டிமேல் உட்கார்ந்துகொண்டாள். அவள் கை கயிற்றின் மேல் இருந்தது. அவிழ்க்கிற கையாகத் தெரியவில்லை.

அப்போது தவுக்கே ஈரத் துணியோடு மேலே வந்தார். பால் வழிந்த பெட்டியைச் செய்யச் சொன்னவர் இப்போது பார்க்க வருகிறாராம். யாருக்குப் பெட்டி என்று கேட்டேன். வருகிறவருக்கேதான் என்றார். நான் அதை ஜீரணிப்பதற்குள் மனைவி, புதுப் பானைக்கு வாங்கின தேங்காய் நாரை எடுத்துக்கொண்டு கீழே இறங்கிவிட்டாள். நாங்கள் சிந்தின பால், நாங்கள்தான் துடைக்க வேண்டுமாம்.

துடைத்து முடிக்கவும் கிழவர் வந்தார். பட்டுச் சட்டை, கைத்தடி. பெட்டியை ஒரு சுற்றுச் சுற்றினார். மூடியைத் திறக்கச் சொன்னார். மூடச் சொன்னார். மறுபடி திறக்கச் சொன்னார். விரலால் தட்டி, காதை வைத்துக் கேட்டார். மரத்தை முகர்ந்தார். பிறகு பல்லில்லாத வாயால் எங்களைப் பார்த்து அப்படி ஒரு சிரிப்பு.

மனைவி அவரைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"இவர் உங்களுக்கு அண்ணனா?" என்றாள்.

மாடிக்கு வந்ததும் கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தாள். முடிச்சு இறுகியிருந்தது. நான் உதவப் போனேன்.

"இதை நான் பார்த்துக்கறேன். நீங்க கீழே போய் மிச்சப் பலகை ஒண்ணு கேட்டு வாங்கிட்டு வாங்க."

"எதுக்கு?"

"சுவத்துல அடிக்கத்தான். சாமி படத்துக்கு வேணாம். ஊறுகாய் ஜாடிக்கு."

நான் இரண்டிரண்டு படியாகத் தாண்டி இறங்கினேன்.