கபடி ஸ்டேடியத்தில் சுறாப்புட்டு சாண்ட்விச்

மைதானத்தில் தின்பண்டம் விற்பவளுக்குத் தோற்ற அணியைவிடப் பொல்லாத எதிரி கிடையாது; பசியும் அவர்களுக்குத்தான் அதிகம், குற்றம் கண்டுபிடிக்க நேரமும் அவர்களுக்குத்தான் அதிகம். இடுப்பில் கைக்குழந்தையோடு கடை போட்டுப் பார்த்தவர்களுக்கு நான் சொல்லி விளங்க வேண்டியதில்லை.

பழவேற்காட்டில் டச்சுக் கல்லறைக்குப் பின்னால் இருக்கிற கபடி மைதானத்துக்கு மூன்று சிமென்ட் படி கட்டியதிலிருந்து எல்லோரும் அதை ஸ்டேடியம் என்கிறார்கள். அங்கே ஒரு கேன்டீன் அறை பூட்டிக் கிடந்தது. ஒரு வாரப் போட்டியில் நன்றாக விற்றுக் காட்டினால் சாவி உனக்கு என்றார் கமிட்டித் தலைவர். சாவி கிடைத்தால் கடலுக்குப் போவதை விட்டுவிட்டு உன்னோடு கடையில் நிற்கிறேன் என்றார் என் கணவர். லைட்ஹவுஸ் குப்பத்துக்கு வாழ்க்கைப்பட்டு இரண்டு வருடம் ஆகியும், அவர் போட் கரை சேரும்வரை எனக்குச் சோறு இறங்காது. அதனால்தான் கடை.

ஓரம் வெட்டிய ரொட்டி

கான்வென்டில் சிஸ்டர் கற்றுக்கொடுத்தது வெள்ளரிக்காய் சாண்ட்விச். ரொட்டி ஓரத்தை வெட்டி, வெண்ணெய் தடவி, முக்கோணமாக நறுக்கி, ஈரத்துணி போட்டு மூடி வைத்தேன். முதல் நாள் விற்றது நான்கு. அதில் ஒன்று திரும்பி வந்தது. வாங்கியவர் பிரித்துப் பார்த்தார், மூடினார், என் கையிலேயே வைத்தார். “இன்னாம்மா, காய்ச்சல்காரனுக்குக் குடுக்கறத எனக்குக் குடுக்கற?”

என் மதியச் சாப்பாடு

மறுநாள் மாமியார் எனக்குச் சுறாப்புட்டு கட்டிக் கொடுத்தார். பால்சுறாவை வேகவைத்துத் தோலுரித்து உதிர்த்து, பூண்டும் மிளகும் தாராளமாகப் போட்டு வதக்கியது. பிள்ளை பெற்றதிலிருந்து எனக்குத் தினமும் அதுதான். டப்பாவைத் திறந்தேன், வாசனை ஆடுகளம்வரை போய்விட்டது.

இடைவேளையில் குப்பத்து அணியின் கேப்டன் வேர்வை சொட்ட வந்து நின்றார். “இன்னாக்கா அது?” என் சாப்பாடு என்றேன். “அத ரொட்டில வெச்சிக் குடு.” கொடுத்தேன். அடுத்த ரெய்டில் ஒரே மூச்சில் மூன்று பேரைத் தொட்டுவிட்டு வந்தார். மறுநாளிலிருந்து மாமியார் சட்டி நிறையச் செய்து கொடுத்தார்; என் கடையில் வரிசை. நான் பட்டினி. அதிலும் ஒருவர் சொன்னார்: “அக்கா, ஓரத்த வெட்டாத. ரொட்டியே அதான்.”

தெரிந்துபோயிற்று

நான்காம் நாள், தோற்றுப்போன சுண்ணாம்புக்குளம் அணிக்காரர் ஒருவர், புதிதாக அப்பா ஆனவர், ஒரு கடி கடித்து நிறுத்தினார். “இது எங்க வூட்ல செய்யறதாச்சே. புள்ள பெத்தவளுக்குப் பால் ஊறட்டும்னு குடுக்கறது.” வரிசையில் நின்ற ஒன்பது பேரும் குனிந்து அவரவர் பனியனைப் பார்த்துக்கொண்டார்கள். படியிலிருந்து ஒரு குரல் வந்தது. “நைனா, டீக்குப் பால் பத்தல, கேப்டனக் கொஞ்சம் கூப்டு.”

வீட்டுக்கு

அதன்பிறகு அன்றைக்கு ஒன்றுகூடப் போகவில்லை. சாவி போயிற்று என்று, குழந்தை தலையில் முகத்தை வைத்து அழுதேன்.

மறுநாள் கேப்டன் வந்தார். இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, “எனக்கில்லக்கா, வூட்டுக்கு, ரெண்டு” என்றார். பின்னால் நின்றவரும் வீட்டுக்குத்தான். எல்லோரும் பேப்பரில் சுற்றி வாங்கிக்கொண்டு கல்லறை மதில் பக்கம் போய், வாயைத் துடைத்துக்கொண்டு திரும்பினார்கள். கேப்டனுக்குக் கல்யாணமே ஆகவில்லை. கடைசி நாள் தலைவரும் வீட்டுக்கு ஒன்று வாங்கிக்கொண்டு, சாவியை என் கையில் வைத்தார். “நம்ம பசங்க வூட்ல இத்தினி பச்சப்புள்ள இருக்குதுன்னு எனக்கு இப்பதாம்மா தெரியுது.”

சாவி

கணவரிடம் சாவியைக் காட்டி, இனி போட் வேண்டாம் என்றேன். அவருக்கும் சந்தோஷம்தான். தினம் எவ்வளவு சுறா வேண்டும் என்று கேட்டார். ஆறேழு கிலோ என்றேன். தூளியை ஆட்டிக்கொண்டே யோசித்தார். “அவ்ளோ பால்சுறா ஏலத்துல எங்க வருது? நானே போயி வல போட்டாத்தான் உண்டு.”

கணவரைக் கரையில் நிறுத்துவதற்காகக் கடை வைத்தவள், கடை நிற்க வேண்டுமே என்று இப்போது தினமும் நானே அவரை எழுப்பிப் படகேற்றி அனுப்புகிறேன்.