மேலகரத்தில் வெள்ளையடிக்காத வீடு

காலை எட்டு மணிக்குத் தென்காசியில் இறங்கினேன். சாரல் பெய்துகொண்டிருந்தது. மேலகரத்துக்கு ஆட்டோ நூற்றிருபது ரூபாய். அருவியில் குளிக்க வரவில்லை என்றதும் ஓட்டுநர் திரும்பிப் பார்த்தார். "சாரல் நேரத்துல வந்து குளிக்காமப் போற ஆளை இப்பத்தான் பாக்கேன் அண்ணாச்சி."

நான் மைதீனையும் அவர் மனைவி பாத்திமாவையும் பார்க்க வந்திருந்தேன். சென்னையில் ஒரு பழைய கடைவீதிக்கு அடியில் சுரங்க ரயில் நிலையம் தோண்டியபோது நான் அங்கே பொறியாளர். மேலே சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய கடைகள்; ஒன்று மைதீனின் அத்தர் கடை. பின்கட்டில்தான் குடியிருந்தார்கள். விரிசல்களின் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டு ஒட்டிவைப்போம். அது உடைந்தால் சுவர் நகர்கிறது என்று பொருள். தோண்டுவதை நிறுத்த வேண்டும்.

மைதீன் கடையில் அது உடைந்திருந்ததை நான் மட்டும் பார்த்தேன். வேலை தாமதமாகுமே என்று வேறொன்றை ஒட்டிவிட்டுப் போனேன். பெருநாளுக்காகப் பாத்திமா சுவரைச் சுரண்டி வெள்ளையடித்தார். பிறகு சுவர் சரிந்தது. உயிர்ச்சேதம் இல்லை. அவர் சுரண்டியதில்தான் கண்ணாடி உடைந்தது, அதனால் எச்சரிக்கை கிடைக்கவில்லை என்று விசாரணையில் சொன்னேன். நிலையத்துக்குள் தருவதாக இருந்த கடை அவர்களுக்கு இல்லாமல் போயிற்று; மேலகரத்துக்கு வந்துவிட்டார்கள்.

தெருவில் அவர்கள் வீட்டுச் சுவர் மட்டும் பாசி பிடித்திருந்தது. மைதீன் கையைப் பிடித்து உட்காரவைத்து, தேநீர் கொடுத்து, நிலையம் எப்படி இருக்கிறது என்று விசாரித்தார். நகரும் படிகள், குளிர்காற்று, தண்டவாளத்தை மறைக்கும் கண்ணாடிக் கதவுகள் என்று சொல்லிக்கொண்டு போனேன். தன் கடை இருந்த இடத்தில் இப்போது என்ன என்று கேட்டார். காற்றுப்போக்கிக் கோபுரம் என்றேன்.

அவர் சிரித்தபடி சுவரைக் காட்டினார். "அதுக்கப்புறம் இவ சுண்ணாம்பு மட்டையைத் தொடவே இல்ல சார். தன் கைதான் கடையைக் கெடுத்துச்சுன்னு இருக்கா."

சொல்லிவிட்டேன். சுரண்டுவதற்கு முன்பே கண்ணாடி உடைந்திருந்தது என்றும், மறைத்தவன் நான் என்றும்.

நிலைவாசலில் நின்ற பாத்திமா கேட்டார்: "அப்ப நான் ஒடைக்கலையா?"

"இல்லம்மா."

மைதீன் என் பக்கம் திரும்பினார். "எத்தன தடவ இவளை ஏசியிருக்கேன், தெரியுமா சார்?"

மன்னிப்பைப் பற்றி யாரும் பேசவில்லை. நான் எழுந்தேன். வாசலைத் தாண்டும்போது உள்ளே பாத்திமாவின் குரல் கேட்டது. "சாரல் விட்டதும் சுண்ணாம்பு வாங்கிட்டு வாங்க."

அருவி மூன்று கிலோமீட்டர்தான் என்றார் காத்திருந்த ஓட்டுநர். ஸ்டேஷனுக்கே விடச் சொன்னேன்.